ஆடியோ-டெக்னிகா விஎம்95எம்எல்: முள்ளை மாற்றினால் என்ன கிடைக்கும்?

டர்ன்டேபிளின் ஒலியைக் கூட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் கேபிள், பிளாட்டர் விரிப்பு, புது ஆம்ப்ளிஃபயர் என்றுதான் தொடங்குகிறார்கள். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (டர்ன்டேபிளின் கையான ஆர்மின் முனையில் இருந்து, முள்ளின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் சிறு பாகம்) வைத்திருப்பவர்கள் முதலில் கைவைக்க வேண்டியது முள்ளில். விஎம்95 வரிசை முழுவதற்கும் கார்ட்ரிட்ஜின் உடல் ஒன்றேதான். பச்சை நிற இ முள்ளைக் கழற்றிவிட்டுச் சிவப்பு நிற எம்எல் முள்ளைச் செருகினால் விஎம்95எம்எல் தயார். முள்ளை மாற்ற மட்டும் ஸ்க்ரூ எதையும் தொட வேண்டாம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வைரத்தின் வடிவில் இருக்கிறது. இ முள்ளில் உலோகத் தண்டின் நுனியில் ஒட்டிய நீள்வட்ட வைரம். பள்ளத்தின் சுவரைத் தொடும் பக்கத்தின் ஆரம் 0.3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது சுமார் 7.6 மைக்ரான். எம்எல்லில் முழு வைரத்தையே மைக்ரோலீனியர் வடிவில் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஆரம் 0.12 மில், சுமார் 3 மைக்ரான். இந்த வித்தியாசம் காதில் விழுவது தட்டின் கடைசிப் பாட்டில்.

காரணம் எளிது. 33⅓ வேகத்தில் சுழலும் எல்.பி.யின் வெளி விளிம்பில் பள்ளம் முள்ளுக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் அது 21 செ.மீ.தான். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் தாராளமாகப் படுத்திருக்கும். உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அந்த வளைவுகளுக்குள் 7.6 மைக்ரான் முனை முழுதாக இறங்காமல் மேலோடு உரசிப் போவதால்தான் பாடகரின் ‘ஸ’, ‘ச’ சீறுகின்றன, சிம்பல் ஒலிகள் கரகரக்கின்றன. 3 மைக்ரான் முனை உள்ளே இறங்கிவிடும். ஒழுங்காகப் பொருத்திய எம்எல்லில் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் தெளிவில் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைகிறது. இந்த மாற்றத்தின் முழு மதிப்பும் இதுதான். பேஸ் கூடும், ஒலி மேடை (வாத்தியங்கள் முன்னால் பரந்து நிற்பது போன்ற உணர்வு) விரியும் என்றெல்லாம் எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

மாற்றுவது சில நொடி வேலை. கார்ட்ரிட்ஜ் பொருத்தியிருக்கும் ஆர்மின் முன்முனையான ஹெட்ஷெல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பழைய முள் பகுதியின் முன்பக்கத்தைக் கீழே சாய்த்து எடுக்க வேண்டும். புதியதைச் சாய்வாகச் செருகி, ‘கிளிக்’ என்று கேட்கும்வரை மேலே அழுத்த வேண்டும். பிளாஸ்டிக் பகுதியை மட்டும் பிடியுங்கள். வைரத்தைத் தாங்கும் மெல்லிய குச்சியான காண்டிலீவரில் விரல் பட்டால் அது வளைந்துவிடும், அப்புறம் நிமிர்த்த வழியில்லை.

வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது. முள் தட்டின் மேல் அழுத்தப் பரிந்துரைக்கும் எடை 2.0 கிராம், அனுமதிக்கும் எல்லை 1.8 முதல் 2.2 வரை. ஆர்மின் பின்முனையில் உள்ள எதிர்எடையில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் டிஜிட்டல் தராசில் பாருங்கள். தராசின் தட்டு ரெக்கார்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும். எடை குறைந்தால் தட்டு பாதுகாப்பாக இருக்கும் என்பது தவறான எண்ணம். குறைந்த எடையில் முள் சுவரை விட்டுத் துள்ளி, திரும்ப விழும்போதுதான் பள்ளம் சேதப்படுகிறது.

அடுத்தது அலைன்மென்ட், அதாவது முள் பள்ளத்தோடு நேராக நிற்கும்படி கார்ட்ரிட்ஜைப் பொருத்துவது. நீள்வட்ட முள் பொறுத்துக்கொண்ட பிழையை மைக்ரோலீனியர் பொறுக்காது. பேர்வால்ட் என்ற அலைன்மென்ட் முறையில், தட்டின் மையத்திலிருந்து 66.0, 120.9 மி.மீ. தூரத்தில் உள்ள இரண்டு புள்ளிகளிலும் முள் நேராக நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் உடல் விளிம்புகளை வைத்துப் பார்க்காதீர்கள், காண்டிலீவரே அலைன்மென்ட் அட்டையில் அச்சிட்ட கட்டத்தின் கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். டார்ச்சும் பூதக்கண்ணாடியும் இல்லாமல் இது நடக்காது. புது முள் வாங்கியும் கடைசிப் பாட்டு சீறுகிறது என்றால், முள்ளைக் குறை சொல்லும் முன் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆர்ம் தட்டின் மையத்தை நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்ட்டி-ஸ்கேட்டை, எடைக்குச் சமமான எண்ணில் தொடங்குங்கள். உரத்த இடங்களில் வலது சேனல் முதலில் பிசிறினால், முள் உள்பக்கச் சுவரில் சாய்ந்து வெளிச் சுவரை விடுகிறது, கொஞ்சம் கூட்டுங்கள். ஆர்மின் உயரத்துக்காக அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். சுமார் 230 மி.மீ. நீள ஆர்மில் 4 மி.மீ. உயர்த்தினால்தான் கோணம் 1 டிகிரி மாறும். ஆர்ம் தட்டுக்கு இணையாக இருந்தால் போதும்.

பலர் கவனிக்காமல் விடுவது கெப்பாசிட்டன்ஸ், அதாவது கார்ட்ரிட்ஜோடு இணைந்த வயர்களும் கருவிகளும் சேர்க்கும் மின்தேக்கு அளவு. இந்த கார்ட்ரிட்ஜுக்கு ஏற்றது மொத்தம் 100 முதல் 200 பிகோஃபாரட். ஆர்மின் உள்வயர், ஆர்சிஏ கேபிள், போனோ ப்ரீஆம்பின் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) உள்ளீடு மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கேபிளிலேயே 150 போய்விட்டால், ப்ரீஆம்ப் இன்னொரு 220 சேர்க்கும்போது கணக்கு எகிறிவிடும். கார்ட்ரிட்ஜுக்குள் உள்ள காயிலின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல்) 550 மில்லிஹென்றி. இது கெப்பாசிட்டன்ஸோடு சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒலியை எகிறச் செய்யும், அதுதான் ரெசொனன்ஸ். 200 பிகோஃபாரடில் அது 15 கிலோஹெர்ட்ஸை ஒட்டி விழும். 400 ஆனால் 11 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். விளைவு, குரல் கூர்மையாகக் குத்தும், அதற்கு மேலே உள்ள நுண்ணிய உயர் ஒலிகள் மங்கிவிடும். எம்எல் ‘பளிச்சென்று காதைக் குத்துகிறது’ என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கும். ப்ரீஆம்பின் பின்னால் ஸ்விட்ச் இருந்தால் மிகக் குறைந்த எண்ணில் வையுங்கள்.

பழையதோடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இ தரும் சிக்னல் 4.0 மில்லிவோல்ட், எம்எல் 3.5. சுமார் 1.2 டெசிபல் குறைவு. ஒலியளவைச் சமன் செய்யாமல் கேட்டால் புதிய முள் சோகையாகத் தோன்றும்.

விலை கூடுதல்தான். ஆனால் நிறுவனம் சொல்லும் ஆயுள் நீள்வட்டத்துக்கு 300 மணி நேரம், மைக்ரோலீனியருக்கு 1,000. விலை வித்தியாசம் மூன்று மடங்குக்குள் இருந்தால், கேட்கும் மணிக்கணக்கில் எம்எல்தான் மலிவு. அந்த ஆயுள் சுத்தமான தட்டுகளுக்கு மட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன் கார்பன் பிரஷ்ஷால் தட்டைத் துடையுங்கள். முள்ளை உலர்ந்த பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னோக்கி மட்டும் தடவுங்கள்.

தேய்ந்த பள்ளத்தை எந்த முள்ளும் சரிசெய்யாது. எடையை மாற்ற முடியாத பெட்டி வகை பிளேயர்களுக்கும் இது பொருந்தாது. 78 தட்டுகளின் பள்ளம் அகலமானது, அவற்றுக்கு இதே வரிசையின் எஸ்பி முள் இருக்கிறது. பச்சை முள்ளில் ஆயுள் மிச்சமிருந்தால் தூக்கிப் போடாதீர்கள்: எங்கிருந்து வந்தது, எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத பழைய தட்டுகளை முதல்முறை ஓட்டிப் பார்க்க அது உதவும்.