பங்குனி ஆமையைக் காட்டி 18,500 ரூபாயைப் பிடுங்கிய கடற்கரைக் கேரவன் பார்க்: தயவுசெய்து யாரும் ஏமாறாதீர்கள்

இன்று வியாழக்கிழமை. போன ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கடற்கரையை விட்டுக் குடும்பத்தோடு கிளம்பியதிலிருந்து இந்த நிமிடம் வரை யாரிடமெல்லாமோ பேசிவிட்டேன், எங்கெல்லாமோ எழுதிவிட்டேன். கட்டிய 18,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. கோபம் ஆறிவிட்டால் ‘போனது போகட்டும்’ என்று வீட்டில் எல்லாரும் சொல்வதற்கு நானும் இணங்கிவிடுவேன் என்ற பயத்தில், ஆறுவதற்குள்ளேயே எழுதுகிறேன். இப்படிப்பட்ட இடங்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் குடும்பம் குலதெய்வமாகக் கும்பிடும் சாஸ்தா, காரையாறு சொரிமுத்து அய்யனார். பங்குனி உத்திரத்துக்காக மும்பையிலிருந்து கொழுந்தனார் மனைவி, மகளோடு பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார். கோயிலுக்குப் போய்ப் பொங்கலிட்டு வந்த களைப்பு தீர்ந்ததும், அடுத்த சனி, ஞாயிறு இரண்டு இரவுகள் எல்லாருமாகக் கடற்கரையில் தங்கலாம் என்று ஓரகத்தி ஆசைப்பட்டாள். தங்குமிடங்களை முன்பதிவு செய்யும் ஒரு செயலியில் தேடியபோது, உவரிக்கும் கூட்டப்புளிக்கும் இடைப்பட்ட கரையில் ‘காட்டுயிர்களின் நடுவே கேரவன் பார்க்’ என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. பனைமரத்தடியில் வெள்ளை வெளேரென்று ஒரு கேரவன், அலையை நோக்கி வரிசையாக ஊர்ந்து போகும் ஆமைக் குஞ்சுகள், கூந்தன்குளத்துச் சங்குவளை நாரைகள் என்று படங்கள். பத்து வயதான என் மகன் பள்ளிக்காகப் பங்குனி ஆமை என்கிற ஆலிவ் ரிட்லி கடலாமையைப் பற்றி அட்டை எழுதி ஒட்டியவன். அந்த ஆமைக் காணொளியை அவன் எத்தனை முறை பார்த்தான் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

அந்த விளம்பரத்திலேயே ஒரு பொய் வெட்டவெளிச்சமாக இருந்தது. ‘பத்து நிமிடத்தில் கூந்தன்குளம்’ என்று போட்டிருந்தார்கள். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளம் நாங்குநேரிப் பக்கம், கடற்கரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நானே அங்கே போயிருக்கிறேன். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத அந்த ஊர் மக்களைப் பற்றி வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். அப்படியிருந்தும் அந்தப் ‘பத்து நிமிடம்’ என் கண்ணில் உறுத்தாமல் போனதற்குக் காரணம், அதற்குள் தொலைபேசியில் கேட்டுவிட்ட குரல்தான்.

விசாரிப்பதற்காக எண்ணைக் கேட்டுச் செய்தி அனுப்பினேன், அந்த இடத்தை நடத்துபவர் உடனே அழைத்தார். நம் ஊர்ப் பேச்சு, பணிவான குரல். யார் எவர் என்று விசாரித்துக்கொண்டே வந்தவர், எதற்காக எல்லாரும் கூடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். சாஸ்தா கோயிலுக்கு வந்தோம் என்றேன். “எந்தச் சாஸ்தாக்கா?” என்றார். சொரிமுத்து அய்யனார் என்று சொன்னதும் ஒரு நொடி பேச்சே இல்லை. பிறகு, “அக்கா, எங்களுக்கும் அங்கதான் சாஸ்தா. அப்பம் நீங்க நமக்கு வேத்தாளா? ஒண்ணும் யோசிக்காதிய, எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன்” என்றார். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். சாஸ்தா ஒன்று என்றால் பங்காளி முறை என்று கொண்டாடுகிற குடும்பம் எங்களுடையது. அத்தைக்கு மூட்டுவலி, படி ஏறச் சிரமப்படுவார் என்று நான் சொன்னதற்கு, “ஆச்சிக்குன்னு தாழ்வா ஒரு மரப்படி அடிச்சுப் போட்டிருதேன்” என்றார். அந்த மரப்படியில்தான் நான் விழுந்தேன். அதற்கு மேல் ஒன்றையும் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செயலியில் இரண்டு இரவுகளுக்குக் கேரவனும் ஒரு கூடாரமும் சேர்த்து 15,000 ரூபாய் காட்டியது. அதன் வழியாகக் கட்டினால் கமிஷன் போய்விடும், நேராகத் தன் எண்ணுக்கு யுபிஐயில் போட்டால் 13,500 ரூபாய் போதும், கூடவே 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை போட்டுவிட்டால் கிளம்பும்போது கையிலேயே திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னார். ஆக மொத்தம் 18,500 ரூபாயை வெள்ளிக்கிழமை இரவே, ஒரு ரசீதுகூட இல்லாமல், அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் திசையன்விளை வழியாகப் போய்ச் சேர்ந்தோம். படத்தில் இருந்த பனைமரம் மட்டும் அங்கே இருந்தது. கேரவன் என்று இருந்தது, சக்கரங்களில் காற்றில்லாமல் அச்சு வரைக்கும் மணலில் புதைந்து, உப்புக் காற்றில் துருவேறிய ஒரு பழைய வேன். உள்ளே ஏசி இருந்தது, ஓடவில்லை. குழாயைத் திறந்தால் உவர்நீர். கழிப்பறை அடைத்துக்கொண்டு நின்றது. மரப்படி கிடையாது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, எழுபத்து மூன்று வயதான என் அத்தையை அவருடைய இரண்டு மகன்களும் இரண்டு பக்கமும் தாங்கி ஏற்றினார்கள். காவலுக்கு இருந்தது பதினேழு, பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். “அண்ணன் ராத்திரி வந்திருவாவ” என்பதைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியவில்லை.

அன்று இரவு நடந்ததை எழுதத்தான் எனக்குக் கை நடுங்குகிறது. இருட்டியதும் பையன் ஜெனரேட்டரை ஓட்டி, கம்பத்தில் கட்டியிருந்த நான்கு பெரிய ஃபோகஸ் விளக்குகளைக் கடலைப் பார்த்துப் போட்டான். பக்கத்துக் கேரவனில் ஒரு கூட்டம் ஸ்பீக்கர் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. தின்று எறிந்த எலும்புக்கு ஏழெட்டு நாய்கள் சேர்ந்துவிட்டன. நள்ளிரவு தாண்டி, சிறுநீர் கழிக்க எழுந்த என் மகன் ஓடி வந்து என்னை எழுப்பினான். கேரவனுக்கு அடியில், கம்பத்திலிருந்து வெளிச்சம் விழுந்த மணலில், கருஞ்சாம்பல் நிறத்தில் ஆமைக் குஞ்சுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, இரவில் எது வெளிச்சமோ அதுவே கடல் என்று நம்பிப் போகும். மனிதர் விளக்குப் போடாத கரையில் நிலாவும் நட்சத்திரமும் பட்டு மின்னும் கடல்தான் அந்த வெளிச்சம். இங்கே அவை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜெனரேட்டரை நோக்கி வந்துகொண்டிருந்தன. டார்ச்சுக்குக் கீழே எண்ணினோம், பதினொன்று. அதில் இரண்டு அசையவில்லை. ஒன்று வண்டித் தடத்துக்குள் நசுங்கிக் கிடந்தது. மற்றொன்றின் கண்ணில் எறும்பு மொய்த்திருந்தது. அதன் முன்துடுப்பு மட்டும் இன்னும் நீந்துவது போல விரிந்திருந்தது. சற்றுத் தள்ளி நாய்கள் பறித்துப்போட்ட குழியும், தோல் போல் வளையும் வெள்ளை முட்டை ஓடுகளும் கிடந்தன.

விளக்கை அணை என்று பையனிடம் கெஞ்சினேன். அந்தக் கூட்டம் சத்தம் போடும், அண்ணன் திட்டுவார் என்று அவன் தயங்கினான். என் வீட்டுக்காரர் போய் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார். அதற்குப் பக்கத்துக் கேரவன்காரர்கள் பேசிய பேச்சைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சத்தம் கேட்டு, வள்ளத்துக்குப் போவதற்காக வந்த ஒரு பெரியவர், டார்ச்சையும் அணைக்கச் சொல்லி, குஞ்சுகளைத் துண்டில் ஏந்தி ஈரமணல் வரைக்கும் கொண்டுபோய் இறக்கி, “தண்ணியில தூக்கிப் போடாதிய, அதுவா நடந்து போகட்டும்” என்றார். ஒன்பது குஞ்சுகளும் இருட்டில் அலையைக் கண்டுபிடித்துப் போயின. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. அதன் படத்தைப் போட்டுக் காசு வாங்கிக்கொண்டு, அதே உயிரைக் கொல்கிற விளக்கையும் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போகும் வழியில், பாபநாசத்துச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையைக்கூட வாங்கி வைத்துக்கொள்வார்கள். இங்கே கேட்க நாதியில்லை.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பிவிட்டோம். பணம் வாங்கியவரை அழைத்தேன். முதலில், ஓனர் தூத்துக்குடிக்குப் போயிருக்கிறார், வந்ததும் பேசுவார் என்றார். முந்தின நாள் வரை அவரேதான் ஓனர். மதியம் அழைத்தபோது, ஒரு இரவு முன்னதாகக் கிளம்பியது எங்கள் விருப்பம், அதற்குப் பணம் தருவதில்லை என்றார். சரி, 5,000 ரூபாய் முன்வைப்பையாவது கொடுங்கள் என்றேன். ஜெனரேட்டரை நிறுத்தியதில் அது பழுதாகிவிட்டது, அந்தச் செலவுக்கே 5,000 காணாது என்றார். “தம்பி, சாஸ்தா பேரைச் சொல்லித்தானே வாங்கினீங்க” என்று கேட்டேன். “அக்கா, அதையும் இதையும் சேத்துப் பேசாதிய” என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்.

செயலிக்காரர்கள் அதற்கு மேல். உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்துக்குள் பதில் வரும் என்று முதலில் ஒரு செய்தி. செவ்வாய்க்கிழமை வேறொருவர் வந்து மறுபடி முதலிலிருந்து கேட்டார். துருவேறிய வேன், அடைத்த கழிப்பறை, குழி என்று பதினாறு படங்கள் அனுப்பினேன். புதன்கிழமை வந்த பதில் இதுதான்: பணம் எங்கள் வழியாகக் கட்டப்படவில்லை, எனவே உங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது. விளம்பரம் அவர்களுடையது, எண்ணைக் கொடுத்தது அவர்களுடைய பக்கம், ஐந்து நட்சத்திரம் போட்டுக் காட்டியதும் அவர்களே. 18,500 ரூபாய்க்கு மட்டும் அவர்கள் பொறுப்பில்லையாம். வங்கியில், நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணம் என்று ஒரே வரியில் முடித்தார்கள். காவல் நிலையத்தில், போய்த் தங்கிவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள், இது சிவில் விவகாரம் என்றார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் மட்டும் பொறுமையாகக் கேட்டுப் புகாரைப் பதிந்துகொண்டார்கள். நாளை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை, மன்னியுங்கள். செயலியில் பார்த்த இடத்துக்குச் செயலிக்கு வெளியே ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். முன்வைப்புத் தொகை கேட்டால் எழுத்தில் வாங்குங்கள். அன்றைக்கே எடுத்த காணொளியைக் கேளுங்கள், வீடியோ அழைப்பில் இடத்தைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆமை வரும் கரை என்று சொல்பவரிடம், ராத்திரி விளக்குப் போடுவீர்களா என்று கேளுங்கள். போடுவோம் என்றால் போகாதீர்கள். பேச்சை வைத்து, ஊரை வைத்து, கோயிலை வைத்து யாரையும் நம்பிவிடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த விளம்பரத்தை மறுபடி திறந்து பார்த்தேன். பெயரை மாற்றியிருக்கிறார்கள், வேன் படத்தையும் மாற்றியிருக்கிறார்கள். ஆமைக் குஞ்சுக் காணொளி மட்டும் அதேதான். வருகிற சனி, ஞாயிறுக்கு இடம் நிரம்பிவிட்டது என்று காட்டுகிறது. அந்தக் குடும்பம் இதைப் படிக்க நேர்ந்தால், மீதிப் பணத்தை இன்றைக்கு அனுப்பாதீர்கள்.