இருசமபக்க முக்கோணம்: எந்தக் கோட்டை வரைவது?

முக்கோணம் கசட-வில் கச = கட. அப்படியானால் ச, ட இரண்டிலும் உள்ள கோணங்கள் சமம் என்று காட்ட வேண்டும். உச்சி க-விலிருந்து அடிப்பக்கத்துக்கு ஒரு கோடு வரைந்து, இரண்டு பாதிகளும் சர்வசமம் (வடிவிலும் அளவிலும் ஒன்றே) என்று நிறுவுவதுதான் பள்ளி வழக்கம். எந்தக் கோடு என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

க-வின் கோணத்தைப் பாதியாக்கும் கோண இருசமவெட்டி வரைந்தால் ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) என்ற சர்வசம விதி, அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குப் போகும் நடுக்கோடு என்றால் ப-ப-ப (மூன்று பக்கங்கள்), குத்துக்கோடு என்றால் செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்). மூன்றுமே நாலைந்து வரியில் முடிந்துவிடும்.

ஆனால் ப-ப-ப எப்படி உண்மையானது என்று கேட்டுப் பாருங்கள். கிரேக்கக் கணிதர் யூக்ளிடின் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் முதல் புத்தகத்தில் ப-கோ-ப 4-வது கூற்று, நம் தேற்றம் 5-வது, ப-ப-ப 8-வது. 8-க்கு 7 தேவை. 7-க்கோ 5 தேவை. ஆக, அந்த வரிசைப்படி நடுக்கோட்டு நிரூபணம், எதை நிறுவ வந்ததோ அதையே முன்கூட்டி நம்பியிருக்கிறது. செ-க-ப-வும் கிட்டத்தட்ட அப்படித்தான். இரண்டு செங்கோண முக்கோணங்களை ஒட்டி ஒரு இருசமபக்க முக்கோணம் ஆக்கித்தான் அதை வழக்கமாக நிரூபிக்கிறார்கள். கோண இருசமவெட்டி இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால், ப-கோ-ப வழியில் இந்தச் சுற்று இல்லை. மூன்றில் அதுவே நேர்மையானது.

அதைவிட எனக்குப் பிடித்தது கோடே வரையாத வழி. பழங்காலக் கணிதர் அலெக்ஸாந்திரியாவின் பாப்பஸ் சொன்னதாக, யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் குறித்திருக்கிறார். கசட-வை கடச-வோடு ஒப்பிடுங்கள். கச = கட, கட = கச, இடையில் உள்ள கோணம் ஒன்றே. ப-கோ-ப, அவ்வளவுதான்: ச-வின் கோணமும் ட-வின் கோணமும் சமம். ஒரே முக்கோணத்தை அதனோடே ஒப்பிடலாமா என்று மாணவர்கள் தயங்குவார்கள். தாராளமாகச் செய்யலாம். சர்வசமத்துக்கு எந்த உச்சி எதற்கு ஒத்தது என்ற வரிசைதான் முக்கியம், தனித்தனியாக இரண்டு படம் வேண்டும் என்பதில்லை.

மறுதலையில், அதாவது கோணங்கள் சமம் என்று கொடுத்து பக்கங்கள் சமம் என்று காட்டச் சொன்னால், வேறுபாடு இன்னும் தெளிவாகும். பாப்பஸ் வழி கோ-ப-கோ-வாக அப்படியே வேலை செய்யும். நடுக்கோடு வரைந்தவர் கையில் இருப்பதோ இரண்டு பக்கமும் இடையில் இல்லாத ஒரு கோணமும். அது சர்வசம விதியே இல்லை. 30° கோணம், அதை ஒட்டிய பக்கம் 10 செ.மீ., எதிர்ப்பக்கம் 6 செ.மீ. என்று வரைந்து பாருங்கள், இரண்டு வெவ்வேறு முக்கோணங்கள் கிடைக்கும்.