வி-கிராஸுக்கு எக்ஸ்ட்ரா டீசல் டேங்க்: பெங்களூரு பீன்யா கடைல வெல்டிங் அருமை, டீசல் அளவு காட்டற கேஜ் சொதப்பல்

மொதல்லயே சொல்லிடறேன், லடாக் போற மணாலி-லே ரோட்டுக்காக மட்டும் எக்ஸ்ட்ரா டேங்க் போடணும்னு நெனச்சீங்கன்னா வேணாம், காசுக்கு கேடு. அந்த வழில டாண்டி பங்க்ல அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு ஒரு போர்டு இருக்குமே, எல்லாரும் அது முன்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க, அதப் பாத்து மெரண்டுதான் பாதி பேரு டேங்க் தேடி அலையறாங்க. என்னோட இசுசு வி-கிராஸ் பிக்கப்ல டேங்க் 76 லிட்டர், மலைல ஃபுல் லோடோட போயி லிட்டருக்கு 9 கிலோமீட்டர்தான் குடுக்குதுன்னு வெச்சாலும் 680 கிலோமீட்டர் வந்துருது, தாராளம். எனக்கு வேண்டியிருந்தது லே தாண்டி இருக்குற ஏரியாவுக்கு. பாங்காங்லேர்ந்து சுஷுல், ஹான்லே, சோ மோரிரின்னு சுத்தறப்ப பாதி நேரம் லோ கியர்ல ஊர்ந்துட்டு, குளுருக்கு எஞ்சின ஐட்லிங்ல விட்டுட்டு, மைலேஜ் எங்கயோ போயிடும், நடுவுல ஊருக்குள்ள கேன்ல விக்கற டீசல்ல என்ன கலந்திருக்குன்னு அவங்களுக்கே தெரியாது. அதுக்குத்தான் இந்த வேலை.

ஆஸ்திரேலியாவுல இதெல்லாம் சாதாரணம், ஏஆர்பி, லாங் ரேஞ்ச் ஆட்டோமோட்டிவ், பிரவுன் டேவிஸ்னு கம்பெனிங்க வண்டி மாடலுக்கு ஏத்த மாதிரி ரெடிமேடா டேங்க் விக்கறாங்க. ஆனா அத இங்க வரவெக்க ஷிப்பிங், டூட்டின்னு போட்டுப் பாத்தா லட்சத்த தாண்டிருது, அதனால லோக்கல் ஃபேப்ரிகேஷன்தான்னு முடிவு பண்ணேன். ஜேசி ரோடுல விசாரிச்சப்ப ஒருத்தரு ஜிஐ ஷீட்ல, அதான் துத்தநாகம் பூசின இரும்புத் தகடுல, அடிச்சுத் தரேன், பாதி ரேட்டுன்னாரு. டீசலுக்கு ஜிஐ ஆகவே ஆகாதுங்க, அந்த துத்தநாகப் பூச்சு டீசலோட ரியாக்ட் ஆகி சோப்பு மாதிரி ஒண்ணு உருவாகும், அது நேரா ஃபில்டர், இன்ஜெக்டர்னு போயி அடைக்கும், அப்புறம் மிச்சம் புடிச்ச காச விட பத்து மடங்கு வெக்கணும். யாரு ஜிஐன்னு சொன்னாலும் நன்றி அண்ணான்னு சொல்லிட்டு கெளம்பிருங்க.

கடைசில செட் ஆனது பீன்யா செகண்ட் ஸ்டேஜ் பக்கம் ஒரு சின்ன ஷெட். ஓனர் தர்மபுரிக்காரரு, வருஷக்கணக்கா பால் டேங்கர், கெமிக்கல் டேங்க்னு செஞ்சுட்டு இருக்கறவரு, வண்டி வேலை சைடுல. நான் போன உடனே எத்தன லிட்டர் போடலாம்னு கேட்டேன், அவரு சிரிச்சுட்டு "தம்பி, வர்றவங்க எல்லாம் லிட்டர் கேக்கறீங்க, ப்ரீத்தர் பைப் எந்த வழியா போவும்னு ஒருத்தரும் கேக்கறதில்ல"ன்னாரு. டேங்க்குள்ள இருக்கற காத்து வெளிய போற பைப்தான் ப்ரீத்தர். அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

வி-கிராஸ்ல ஸ்டெப்னி பின்னாடி அடில தொங்கும், அத எடுத்து பெட்ல, அதான் பின்னாடி சாமான் ஏத்தற எடத்துல, போட்டுட்டு அந்த எடத்துல டேங்க். உள்ளளவு 60க்கு 45க்கு 20 சென்டிமீட்டர், கணக்குக்கு 54 லிட்டர், ஆனா 50க்கு மேல ரொப்பக் கூடாதுன்னாரு, வெயில்ல டீசல் விரியறதுக்கு எடம் வேணும். 2 எம்எம் எஸ்எஸ் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷீட், டிக் வெல்டிங், உள்ள ரெண்டு தடுப்புத் தகடு, அது இல்லன்னா திருப்பத்துல 40 கிலோ டீசல் ஒரே பக்கமா மோதும், பிராக்கெட்தான் பிச்சுக்கும்.

லீக் டெஸ்ட் பக்கத்துல நின்னு பாத்தேன், இந்த ரிவ்யூவுக்கு நான் குடுக்குற ஸ்டார்ல பாதி அதுக்குத்தான். எல்லா ஓட்டையையும் பிளக் போட்டு அடைச்சுட்டு 3 பிஎஸ்ஐ காத்து மட்டும் விட்டாங்க. இவ்ளோ கம்மியா ஏன்னு கேட்டா, 3 பிஎஸ்ஐக்கே அந்த பெரிய பக்கத்து மேல ஐந்நூறு கிலோவுக்கு மேல தள்ளும், இன்னும் ஏத்துனா தகடு உப்பிக்கும்னு சொன்னாரு, வீட்டுக்கு வந்து கணக்கு போட்டுப் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் வெல்டர் பையன் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால சோப்புத் தண்ணிய ஒவ்வொரு தையலா தடவிட்டே வந்தான், ஒரு மூலைல மட்டும் கடுகு சைஸ்ல குமிழி, வெடிச்சு, மறுபடி ஒண்ணு. கண்ணுக்கு ஓட்டையே தெரியல. உடனே அந்த எடத்த கிரைண்ட் பண்ணி திரும்ப அடிச்சு, திரும்ப காத்து விட்டு, ராத்திரி பூரா மீட்டரோட அப்படியே வெச்சிருந்து காலைல பாத்துட்டுதான் வண்டில ஏத்துனாங்க. சைலென்சர் பக்கத்துல இடைவெளி விட்டு ஹீட் ஷீல்டும் போட்டாங்க, நான் கேக்கவே இல்ல.

டேங்க் மெயின் டேங்க விட கீழ இருக்கறதால டீசல் தானா போகாது, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபர் பம்ப், டேஷ்போர்டுல ஒரு ஸ்விட்ச். அத போட்டா அரை மணி நேரத்துல மொத்தமும் மெயினுக்கு போயிடும். ஸ்விட்ச போட்டுட்டு மறந்துட்டா மெயின் டேங்க் ரொம்பி வழியுமேன்னு கேட்டு நேரம் ஆனதும் பம்ப தானா நிறுத்தற ஒரு டைமர் ரிலே சேத்து போட வெச்சேன், நீங்களும் கேளுங்க, அவங்களா போட மாட்டாங்க.

இனி குறை. ப்ரீத்தர் பத்தி அவ்ளோ பேசினவரு ஃபிட்டிங் அன்னிக்கு ஊருக்கு போயிட்டாரு, இருந்த பசங்க 8 எம்எம் ஹோஸ மாட்டி அதையும் சேசிஸ் மேல மடிச்சு டை போட்டு விட்டுட்டாங்க. துமகூரு ரோட்டு பங்க்ல போயி அடிச்சா நாசில் லிட்டருக்கு ஒரு தடவ கட் ஆவுது, டக்கு டக்குன்னு. உள்ள இருக்கற காத்து வெளிய போனாத்தானே டீசல் உள்ள போவும். பங்க் பையன் கடுப்பாயி "ஏனு சார் இது, லாரினா?"ன்னு கேக்க பின்னாடி நாலு வண்டி ஹாரன். திரும்ப போனதும் ஓனரே படுத்து 16 எம்எம் பைப்பா மாத்தி ஃபில்லர் வாய் ஒயரத்துக்கு ஏத்தி விட்டாரு, நுனில கவுந்தா அடைச்சுக்கற வால்வும் போட்டு. இப்ப ஃபுல் ஸ்பீடுல அடிக்கலாம்.

கேஜ் கதை தனி. டேங்க்குள்ள டீசல் அளவுக்கு ஏத்த மாதிரி மெதக்கற ஃப்ளோட் சென்சார் அமெரிக்கன் டைப், காலின்னா 240 ஓம்ஸ், ஃபுல்லுன்னா 33. மாட்டுன மீட்டர் ஐரோப்பா டைப், அதுக்கு 10 ஓம்ஸ்னா காலி, 180ன்னா ஃபுல். ஆக மொத்தம் காலி டேங்க் ஃபுல்லுன்னு காட்டும், ரொப்ப ரொப்ப முள்ளு கீழ வரும்! மீட்டர மாத்தித் தர்றதுக்கு அவ்ளோ இழுத்தடிச்சாங்க, ஃபோன் போட்டா நாளைக்கு சார், சனிக்கெழம சார், பார்ட் வரல சார். டெலிவரியும் சொன்ன தேதிக்கு டபுளா ஆச்சு. கடைசில ஜேசி ரோடுல நானே மேட்ச் ஆவுற மீட்டர் வாங்கிட்டுப் போயி குடுத்தேன், லேபர் வாங்கல, அது வரைக்கும் சரி.

ஓட்டறதுக்கு எப்படின்னா, டேங்க் சுமாரா 20 கிலோ, டீசல் 41, ஃபுல்லா இருந்தா பின்னாடி உக்கார்றது லேசா தெரியும், பிக்கப் லீஃப் ஸ்பிரிங்குங்கறதால பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா டேங்க் அடி ஸ்டெப்னிய விட கொஞ்சம் எறங்கி இருக்கு, கோலார் பக்கம் பாறைல எறங்கறப்ப டேங்க் அடில காப்புக்கு போட்ட ஸ்கிட் பிளேட் ரெண்டு தடவ உரசுச்சு. அந்த பிளேட்டுக்கு தனி காசு, அத மிச்சம் பண்ணாதீங்க. வண்டியோட டிஸ்ப்ளேல காட்டற ரேஞ்ச்ல எக்ஸ்ட்ரா டேங்க் சேராது, மனக்கணக்குதான்.

ஊர்ல சும்மா இருக்கறப்ப எக்ஸ்ட்ரா டேங்க ரொப்பி வெக்காதீங்க, தேங்கி நின்னா தண்ணி சேரும், அடில இருக்கற ட்ரெயின் பிளக்க அப்பப்ப தெறந்து பாக்கணும். குளுர்காலத்துல லடாக் போறவங்களுக்கு இன்னொரு விஷயம், இங்கேர்ந்து 50 லிட்டர் சுமந்துட்டு போனா அது அங்க மெழுகா ஒறஞ்சு போகும். இந்தியன் ஆயில் 2019லேர்ந்து மைனஸ் 33 டிகிரி வரைக்கும் ஒறையாத விண்டர் டீசல் லடாக்ல குடுக்கறாங்க, காலி டேங்கோட போயி அங்க ரொப்புங்க.

சட்டப்படி? மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்தமா சொல்லிருச்சு. வாரண்டி இருக்கற வண்டின்னா அதுவும் போச்சு, ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் இதத்தான் மொதல்ல காரணம் காட்டுவான். என்னோடது பழைய 2.5 லிட்டர் பிஎஸ்4, வாரண்டி எப்பவோ முடிஞ்சுது, ரிஸ்க் எடுத்தேன். பெட்ரோல் வண்டிக்காரங்க, ஜிம்னில 40 லிட்டர்தான்னு பொலம்பறது நியாயம்தான், ஆனா லோக்கல் டேங்க் பக்கம் வரவே வராதீங்க, அந்த ஆவிய கட்டுப்படுத்தறது வேற லெவல் வேலை.

பில் பம்ப், ஸ்கிட் பிளேட், கேஜ் எல்லாம் சேத்து 46,000 ஆச்சு, ஜிஎஸ்டி பில் கேட்டாத்தான் குடுத்தாங்க. வருஷத்துக்கு ஒரு லாங் ட்ரிப்னா 20 லிட்டர் ஜெர்ரி கேன் ரெண்டு வாங்கி பெட்ல நல்லா கட்டிக்கோங்க, போதும். இல்ல டேங்க்தான்னா வெல்டிங்குக்கு கண்ண மூடிட்டு இவங்க கிட்ட போலாம், எலக்ட்ரிக்கல் வேலைய மட்டும் வெளிய உங்க ஆளு கிட்ட பாத்துக்கோங்க. ஃபிட்டிங் அன்னிக்கு ஓனர் ஊர்ல இருக்காரான்னு முன்னாடியே கேட்டுட்டு, காலைல கொரகுண்டேபாளையா ஜாம் ஆரம்பிக்கறதுக்குள்ள வண்டிய விட்டுட்டு பீன்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷன்ல மெட்ரோ புடிச்சு வீட்டுக்கு வந்துருங்க, அங்க உக்கார ஒரு ஸ்டூல் கூட கெடையாது.