ஹுமாயூன்பூர் ஃப்ரீசரில் எரி பட்டுப்புழு: எதை எடுப்பது, எப்படிச் சமைப்பது

டெல்லியில் கிரீன் பார்க் மெட்ரோவில் இறங்கி சஃப்தர்ஜங் என்கிளேவ் பக்கம் போனால் ஹுமாயூன்பூர் சந்துகள் வந்துவிடும். நாகாலாந்து, மணிப்பூர், அஸ்ஸாம் சாமான் விற்கும் மளிகைக் கடைகள் அங்கே நிறைய. அகூனி என்கிற புளிக்கவைத்த சோயா, மூங்கில் குருத்து, ராஜா மிளகாயோடு எரி பட்டுப்புழுவும் கிடைக்கும். ஃப்ரீசரில் உறையவைத்தது ஒன்று, காயவைத்தது இன்னொன்று. உறையவைத்ததைத் தாராளமாக வாங்கலாம். காய்ந்ததை எடுக்க வேண்டாம்.

எரி என்றதும் நெருப்பு நினைவுக்கு வரும். ஆனால் அஸ்ஸாமியில் ஆமணக்குக்கு 'எரா' என்று பெயர்; அந்த இலையைத் தின்று வளர்வதால் எரி. பட்டுச்சேலைக்கு நூல் தரும் மல்பெரிப் புழுவின் கூட்டைப் புழுவோடு வெந்நீரில் போட்டுத்தான் நூல் இழுப்பார்கள். அந்தத் தண்ணீரில் ஊறி வெளியே வரும் கூட்டுப்புழுவில் ஒரு கனத்த வாடை ஏறிவிடுகிறது. எரிக் கூட்டுக்கு ஒரு முனை திறந்தே இருக்கும். அதிலிருந்து ஒரே இழையாக நூல் வராது, பஞ்சு மாதிரி நூற்கத்தான் வேண்டும். அதனால் கொதிநீருக்குப் போகாமலே புழுவை வெளியே எடுத்துவிட முடிகிறது. ருசிக்கு இதுதான் அடிப்படை. கொரியாவில் தின்பண்டமாகச் சாப்பிடும் பியொண்டெகி இந்த மல்பெரிக் கூட்டுப்புழுதான். அதைத் தின்று முகம் சுளித்தவர்கள் எரியை ஒரு தடவை தனியாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் குலுக்குங்கள். புழுக்கள் தனித்தனியாக உருண்டால் நல்லது. ஒரே கட்டியாக இறுகியிருந்து, அடியில் பழுப்பு நிறப் பனிக்கட்டி தேங்கியிருந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். வடகிழக்கிலிருந்து டெல்லிக்கு ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஐஸ் பெட்டி சரியில்லை என்றால் இப்படித்தான் ஆகும். நிறம் வெளிர் மஞ்சளிலிருந்து பழுப்பு வரை இருக்கலாம். தோல் கிழிந்த புழு காற்றுப்பட்டுக் கறுத்துவிடும். பாக்கெட்டில் ஒன்றிரண்டு கறுத்திருந்தால் பொறுக்கி எறியலாம், பாதி கறுத்திருந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள். எடையில் பனிக்கட்டியும் சேரும். எங்கள் 250 கிராம் பாக்கெட்டை உருக்கி வடிகட்டியபோது 210 கிராம் நின்றது. பேக் செய்த தேதியும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் அச்சிட்ட பாக்கெட்டாகப் பாருங்கள். வெறும் பாலித்தீனில் முடிந்து வைத்திருப்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

தேதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், புரதம் நிறைந்த பொருள் வெளியே கிடந்தால் பாக்டீரியா அதில் ஹிஸ்டமைனை உண்டாக்கும். கெட்டுப்போன சூரை மீனில் நடப்பதும் இதுதான். எவ்வளவு வறுத்தாலும் அது அழியாது. முகம் சிவப்பது, அரிப்பு, தலைவலி எல்லாம் சாப்பிட்ட சிறிது நேரத்தில் வந்துவிடும்.

காய்ந்த பாக்கெட்டை ஒதுக்கியதற்குக் காரணம் எரியின் கொழுப்பு. ஆளிவிதை எண்ணெயில் இருக்கிற அதே வகை ஒமேகா-3 இதில் அதிகம். உடம்புக்கு நல்லது, ஆனால் காற்றில் சீக்கிரம் கெடும். நாங்கள் பிரித்த காய்ந்த பாக்கெட்டில் மூடியைத் திறந்தவுடனே காறல் வாடை. எண்ணெயில் போட்டதும் அது இரட்டிப்பாகிவிட்டது.

உறைந்ததை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி மெதுவாக உருக விடுங்கள். கழுவி, மஞ்சளும் உப்பும் போட்ட கொதிநீரில் 3 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வடித்துத் துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஊசியால் ஒரு குத்து. அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்கக் கூடாது. உள்ளே நீர் இருப்பதால் குத்தாத புழு சூட்டில் வெடித்து எண்ணெயை முகத்தில் தெளிக்கும்.

இரும்பு வாணலியில் 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெய், தட்டிய பூண்டு 6 பல், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை. வெங்காயம் சிவந்ததும் புழுவைப் போட்டு மிதமான தீயில் 7 நிமிடம். தோல் லேசாகச் சுருங்கி, கரண்டியில் தட்டினால் 'கலகல' என்று சத்தம் வரும்போது, புதிதாக இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி தூவி இறக்கிவிடுங்கள். பத்து நிமிடம் தாண்டினால் கொழுப்பு வெளியே ஓடி, பல்லில் ஒட்டும் வெறும் சக்கைதான் மிஞ்சும். சரியாக வந்தால் மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே வேகவைத்த மஞ்சள் கரு போல மாவாக இருக்கும். வறுத்த வேர்க்கடலையின் இனிப்பு கடைசியில் தெரியும். மழைக்கு வந்த ஈசலைச் சிறகு புடைத்து அரிசியோடு வறுத்துத் தின்ற ஊர்க்காரர்களுக்கு இந்தச் சுவை சட்டென்று பிடிபடும். கொழுப்பு திகட்டினால் அஸ்ஸாம்காரர்கள் செய்வதுபோல் புளித்த மூங்கில் குருத்து 2 கரண்டி சேருங்கள். புளிக்கரைசல் விட்டால் தோல் சவசவத்துவிடும்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடவே கூடாது. ஓட்டுடலிகளில் ஒவ்வாமை தரும் ட்ரோப்போமயோசின் புரதம் பூச்சிகளிலும் உண்டு. மற்றவர்களும் முதல் தடவை மூன்று புழுவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இதை வீடியோவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வடகிழக்கில் இது வீட்டில் விருந்தாளிக்கு வைக்கிற பதார்த்தம். அந்தக் கடைகளில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்காமல், எந்தச் சரக்கு எப்போது வந்தது என்று கேளுங்கள். நாங்கள் கேட்ட கடையில், பழைய பாக்கெட்டை ஒதுக்கிவிட்டு ஃப்ரீசரின் அடியிலிருந்து புதிய சரக்கை எடுத்துத் தந்தார் கடைக்கார அக்கா.

உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். சமைத்து மீந்ததை ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். மறுநாள் எண்ணெய் விடாமல் வெறும் வாணலியில் புரட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.