ஜாங்கோவில் பொதுவான ஃபீல்டு: அப்ஸ்ட்ராக்ட் மாடலா, தனி டேபிள் உள்ள தாய் மாடலா?

பைத்தானில் வெப்சைட் கட்டும் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில், கட்டுரை, நிகழ்ச்சி, புகைப்படம் என்று மூன்று மாடல்கள் (டேட்டாபேஸ் டேபிளை விவரிக்கும் கிளாஸ்கள்). மூன்றுக்கும் ‘உருவான நேரம்’, ‘திருத்திய நேரம்’ வேண்டும். ஒரே வரியை மூன்று இடத்தில் எழுத யாருக்கும் மனசு வராது.

பொதுவான ஃபீல்டுகளை ஒரு தாய் கிளாஸில் எழுதி, மூன்று மாடல்களையும் அதன் பிள்ளைகளாக்கலாம். தாய் கிளாஸின் மெட்டாவில் (மாடலின் அமைப்புகளை எழுதும் உள் கிளாஸ்) அப்ஸ்ட்ராக்ட் என்பதை ட்ரூ என்று வைத்தால், தாய்க்கு டேபிளே உருவாகாது. ஃபீல்டுகள் மட்டும் ஒவ்வொரு பிள்ளையின் டேபிளிலும் போய்ச் சேரும்.

அந்த வரியை விட்டுவிட்டால் கதை வேறு. தாய்க்குத் தனி டேபிள் வரும். பிள்ளைகள் ஒன்-டு-ஒன் இணைப்பில் அதோடு கட்டப்படும். ஒரு கட்டுரையை எடுக்கவே, இரண்டு டேபிளையும் சேர்த்துப் படிக்கும் ஜாயின் ஓடும். சேமித்தால் இரண்டு டேபிளில் எழுதும். பல பதிவுகளை ஒரே தடவையில் சேர்க்கும் பல்க் கிரியேட், பிள்ளை மாடல்களுக்கு வேலை செய்யாது. ஏற்கெனவே டேட்டா நிறைந்த மாடல்களை இப்படி மாற்றுவது பெரிய தலைவலி: பழைய பதிவு ஒவ்வொன்றுக்கும் தாய் டேபிளில் ஒரு பதிவு உருவாக்கி, பதிவை அடையாளம் காட்டும் பிரைமரி கீயையும் மாற்ற வேண்டும். அப்ஸ்ட்ராக்டில் அந்தப் பாடு இல்லை. பழைய பதிவுகளுக்கு என்ன நேரம் போடுவது என்று மைக்ரேஷன் (டேபிள் மாற்றங்களுக்கான ஃபைல்) உருவாக்கும்போது ஜாங்கோ கேட்கும், அவ்வளவுதான்.

சரி, அப்புறம் இரண்டாவது வழி எதற்கு? மூன்றையும் கலந்து, புதியது முதலில் என்று ஒரே பட்டியலாகக் காட்டத் தாய் மாடலில் ஒரு குவெரி போதும். கருத்துகளிலிருந்து வரும் ஃபாரின் கீயையும் (வேறு டேபிளின் பதிவைச் சுட்டும் இணைப்பு) தாய்க்கே வைக்கலாம். அப்ஸ்ட்ராக்ட் மாடலுக்கு ஃபாரின் கீ வைக்கவே முடியாது.

வெறும் நேர ஃபீல்டுகளுக்கு நான் அப்ஸ்ட்ராக்ட் பக்கம்தான். எதை எடுத்தாலும் ஒன்று: பல பதிவுகளை நேரடியாக டேட்டாபேஸில் மாற்றும் குவெரிசெட்டின் அப்டேட்டால் மாற்றினால், ஆட்டோ நவ் நேரம் (சேமிக்கும்போதெல்லாம் தானாகப் பதியும் ‘திருத்திய நேரம்’) தானாக மாறாது, நீங்களே கொடுக்க வேண்டும்.