காசு போய் மெஷின் ஓடாவிட்டால்: வங்கிக் கார்டு, யுபிஐ, ரீசார்ஜ் கார்டு, எது தேவலை?

பெங்களூரில் மடிவாளா, பிடிஎம் லேஅவுட், எலக்ட்ரானிக் சிட்டி வட்டாரத்துப் பிஜி விடுதிகள் பலவற்றில் வாஷிங் மெஷின் அறை அடித்தளத்தில்தான் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், "அண்ணா, காசு போயிடுச்சு, மெஷின் ஓடல" என்பதே. இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. வங்கியிலிருந்து பணம் கழிந்த செய்தி, கட்டணம் வாங்க மெஷின்மேல் பொருத்தியிருக்கும் ரீடருக்கு வந்து சேராமல் போவது ஒன்று. வந்து சேர்ந்த பின்பு ரீடர் மெஷினுக்குச் சொல்லாமல் விடுவது, அல்லது சொன்னதை மெஷின் வாங்கிக்கொள்ளாமல் இருப்பது, மற்றொன்று. கட்டண முறைகளை ஒப்பிடுகிறவர்கள் கமிஷனையும் ரீடரின் விலையையும் பார்ப்பது வழக்கம். ஒரு விடுதியின் சலவை அறையைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் நான் பார்ப்பது வேறு: கோளாறு எந்தப் பக்கம் என்பதை எந்த முறை சட்டென்று காட்டிக்கொடுக்கிறது, போன பணம் யார் கையிலிருந்து திரும்பி வரும் என்பவைதான்.

முதலில் வங்கிக் கார்டு. மெஷின்மேல் இருக்கும் சிறிய ரீடர்கள் பலவற்றில் பின் எண்ணை அழுத்த விசைப்பலகை கிடையாது. ஆகவே கார்டைச் செருகிப் பயனில்லை, ரீடரில் தொட்டுக் காட்டத்தான் வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் 5,000 ரூபாய் வரை இப்படிப் பின் இல்லாமலே செலுத்தலாம் என்பதால் துணி துவைக்கும் தொகைக்கு வரம்பு ஒரு பிரச்சினையே அல்ல. ஆனால் 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவின்படி, புதிய கார்டுகளில் இந்த வசதி அணைத்து வைக்கப்பட்டே வழங்கப்படுகிறது. வங்கிச் செயலிக்குள் போய் நாமே அதைத் திறந்துவிட வேண்டும். ஏடிஎம்மில் ஒழுங்காக வேலை செய்யும் கார்டை ரீடர் மட்டும் ஏற்க மறுத்தால் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். இரண்டாவது கேள்வி, பர்ஸுக்குள் பெங்களூர் மெட்ரோ ரயில் கார்டும் கூடவே இருக்கிறதா என்பது. இரண்டு கார்டுகள் ஒரே சமயத்தில் ரீடருக்குப் பதில் சொன்னால் ரீடர் குழம்பிப்போகும். கார்டைத் தனியே வெளியே எடுத்துக் காட்டினால் சரியாகிவிடும்.

வங்கி மறுத்த பரிவர்த்தனைக்குச் சில ரீடர்கள் ஓர் எண்ணையும் காட்டும். 51 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை, 54 என்றால் கார்டு காலாவதியாகிவிட்டது, 91 என்றால் வங்கியின் சர்வர் பதில் சொல்லவில்லை. இவை மூன்றும் நேர்மையான பதில்கள். 05 மட்டும் "ஏற்கவில்லை" என்பதோடு நின்றுவிடும். காரணம் தெரிய வேண்டுமானால் கார்டு கொடுத்த வங்கியைத்தான் கேட்க வேண்டும். எண் எதுவும் வராமல் திரை "காத்திருக்கவும்" என்றே நின்றால், குற்றம் பெரும்பாலும் ரீடருக்குள் இருக்கும் சிம்மின் சிக்னலில். எங்கள் அறையில் ரீடரின் ஆன்டெனா மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் எஃகுத் தகட்டோடு ஒட்டிக் கிடந்தது. கேபிளை நீட்டி, ஆன்டெனாவைக் காற்றுப்போக்கி ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோன பிறகு அந்தப் புகார் ஓய்ந்தது.

ரீடருக்கும் மெஷினுக்கும் இடையிலுள்ள பாதையைத்தான் பலர் கவனிப்பதில்லை. வங்கியின் மேல் விழும் திட்டில் பாதி உண்மையில் இங்கே விழ வேண்டியது. நாணயம் போடுவதற்கென்று வடிவமைத்த மெஷினில் ரீடரை இணைக்கும்போது, ரீடர் நாணயம் விழுந்ததைப் போலவே மின்துடிப்புகளை அனுப்புகிறது. ஒரு துடிப்புக்குப் பத்து ரூபாய் என்று வைத்திருந்தால் அறுபது ரூபாய்க்கு ஆறு துடிப்புகள். அவற்றில் ஒன்றை மெஷின் தவறவிட்டால் திரையில் இன்னும் பத்து ரூபாய் பாக்கி என்று நிற்கும். வாடிக்கையாளர் மீண்டும் கார்டைக் காட்டுவார், இன்னொரு அறுபது போகும். வாடிக்கையாளர் செய்யக்கூடியது, மெஷின் திரையில் இருக்கும் பாக்கித் தொகையைப் பார்க்காமல் இரண்டாம் முறை கார்டை நீட்டாமல் இருப்பதும், கதவை முழுதாக மூடி, சாதா நீரா வெந்நீரா என்று தேர்ந்தெடுத்த பிறகே பணம் கட்டுவதும்தான், ஏனெனில் வெந்நீர்த் துவைப்புக்கு விலை கூடுதலாக இருந்தால் சாதா நீருக்குக் கட்டிய பணம் போதாமல் மெஷின் அசையாமல் நிற்கும். உரிமையாளர் செய்ய வேண்டியது, ரீடரின் அமைப்பில் துடிப்பின் மதிப்பும் நீளமும் மெஷினோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. கரன்ட் போய் வந்த உடனே மெஷின் தயாராகி, ரீடர் இன்னும் விழித்தெழாமல் இருக்கும் சில நிமிடங்களும் இந்தக் கணக்கில் சேரும். ரீடருக்கும், அது வைஃபையில் ஓடினால் ரூட்டருக்கும், ஒரு சிறிய யுபிஎஸ் போதும்.

யுபிஐக்கு வந்தால், க்யூஆர் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே இருப்பவை இரண்டு வேறு ஜாதிகள். மெஷினின் திரையில் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோன்றும் க்யூஆரில் தொகையும் அந்தப் பரிவர்த்தனைக்கான அடையாள எண்ணும் சேர்ந்தே இருக்கும். பணம் வந்ததும் சர்வர் அந்த மெஷினுக்கே தகவல் சொல்லும். சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் க்யூஆரோ கடைக்காரரின் கணக்குக்குப் பணம் போவதோடு சரி, எந்த மெஷினுக்கு என்பது யாருக்கும் தெரியாது; ஒலிபெருக்கிப் பெட்டி "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தினாலும் யாராவது ஆள் வந்து மெஷினை ஓட்டிவிட வேண்டும். ஆள் இல்லாத அறையில் ஸ்டிக்கர் ஒட்டி வைப்பது சண்டையை விலைக்கு வாங்குவது. ஆனாலும் யுபிஐக்குக் கமிஷன் கிடையாது என்பதால் உரிமையாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள்.  வாடிக்கையாளர் பக்கத்தில் யுபிஐ லைட் உதவும். பணம் முன்பே செயலியில் ஏற்றப்பட்டிருப்பதால் அந்த நேரத்தில் வங்கியின் சர்வர் மந்தமாக இருந்தாலும் சிறு தொகை போய்விடும். ஆனால் அடித்தளத்தில் செல்போனுக்கே சிக்னலும் வைஃபையும் இல்லையென்றால் க்யூஆரை ஸ்கேன் செய்து கட்ட முடியாது.

விடுதியே கொடுக்கும் ரீசார்ஜ் கார்டு பழைய முறைபோலத் தோன்றினாலும் அடித்தளத்துக்கு ஏற்றது அதுதான். இருப்பைக் கார்டிலேயே எழுதி வைக்கும் வகையாக இருந்தால் இணையமே தேவையில்லை. வரும் கோளாறு பெரும்பாலும் ஒன்றுதான்: ரீடர் தொகையைக் கழித்து எழுதி முடிப்பதற்குள் கார்டை வெடுக்கென்று இழுத்துவிடுவது. அப்போது வேறு மெஷினுக்கு ஓடாமல், அதே கார்டை அதே ரீடரில் மறுபடி வைத்து, பச்சை விளக்கு வரும்வரை அசையாமல் பிடித்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொள்ளும். சிப்பைச் செருகும் வகையாக இருந்தால் சோப்புத் தூளும் ஈரமும் படிந்த சிப்பை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்ப்பது முதல் வேலை.

நாணயமும் டோக்கனும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடைத்துக்கொண்டால் திறந்து எடுக்கலாம், யாருடைய சர்வரையும் கேட்க வேண்டாம். சில்லறை தேடுவதுதான் பாடு.

பணம் திரும்புவதில்தான் வங்கி வழி முறைகளும் விடுதியின் ரீசார்ஜ் கார்டும் கடுமையாக வேறுபடுகின்றன. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, கார்டிலோ யுபிஐயிலோ கணக்கிலிருந்து பணம் கழிந்து, வணிகரிடம் உறுதிப்பாடு வந்து சேராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும்; தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ஆனால் ரீடர் "வெற்றி" என்று காட்டி மெஷின் மட்டும் ஓடாமல் இருந்தால், வங்கியைப் பொறுத்தவரை அது முடிந்த பரிவர்த்தனை. ஐந்து நாள் காத்திருந்தும் ஒன்றும் வராது, திருப்பித் தர வேண்டியவர் மெஷின் உரிமையாளர். ஆகவே புகார் சொல்லும் முன் செயலியில் இருக்கும் 12 இலக்கக் குறிப்பு எண்ணையும் மெஷின் திரையையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. விடுதியின் ரீசார்ஜ் கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. வழங்கியவரிடமே செலவழிக்கும் கார்டு ரிசர்வ் வங்கியின் அனுமதி வரம்புக்குள் வருவதில்லை. விடுதியை விட்டுப் போகும்போது மீதியைத் தர மறுத்தால் வாடிக்கையாளருக்கு இருப்பது வாயும் நுகர்வோர் ஆணையமும்தான்.

என் தேர்வு இது. சிக்னல் நன்றாக இருக்கும் தரைத்தள அறைக்குத் திரையில் மாறும் யுபிஐ க்யூஆர், அதிலும் மெஷின் ஓடத் தொடங்கியதை ரீடருக்குத் திருப்பிச் சொல்லும் இணைப்பு இருந்தால் மட்டும். அப்படி இருந்தால் ஓடாத மெஷினுக்கான பணத்தை அமைப்பே திருப்பி அனுப்பிவிட முடியும். வெறும் துடிப்பு அனுப்பும் இணைப்பில் அது நடக்காது, எனவே விற்பவரிடம் இந்த ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அடித்தளத்துக்கு ரீசார்ஜ் கார்டு, மீதியைத் திருப்பித் தரும் விதி அறைச் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கும் பட்சத்தில். வங்கிக் கார்டை மட்டும் நம்பி ரீடர் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யுபிஐயை ஏற்கும் ரீடரில் அது கூடவே வந்தால் வைத்துக்கொள்ளலாம்.