ஆபீஸ் மெயிலைச் சொந்த போனில் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

வேலையை விட்ட மறுநாள், சனிக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். சூலூர் பக்கம் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் நின்று மேஸ்திரியிடம் பேசிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த போன் தானாக அணைந்தது. மறுபடி உயிர் வந்தபோது எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. புதிதாக வாங்கிய அன்று கேட்குமே, அதே திரை. உள்ளே ஒன்றுமே இல்லை.

போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். காந்திபுரத்தில் தெரிந்த சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். அந்தத் தம்பி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஆபீஸ் மெயில் ஏதாவது போட்டிருந்தீங்களா அண்ணா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது: போன் கெடவில்லை, ஆபீஸிலிருந்து அழித்திருக்கிறார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன், பம்ப்செட் தயாரிக்கும் அந்த நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தேன். லேப்டாப் கொடுத்தார்கள், போன் கொடுக்கவில்லை. "குடுங்க சார், மெயில் நான் போட்டுத் தர்றேன்" என்று ஐ.டி. ஆள் என் போனை வாங்கி, ஜிமெயில் செயலியிலேயே ஆபீஸின் எக்சேஞ்ச் (நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்ட் மெயில்) கணக்கைச் சேர்த்தார். ஏதோ ஒரு பக்கம் வந்தது, 'ஆக்டிவேட்' என்று தட்டினார், திருப்பிக் கொடுத்தார். மெயில், காலண்டர், டீலர் நம்பர்கள் எல்லாம் வந்துவிட்டன. மதுரை, திண்டுக்கல் என்று சுற்றுபவனுக்கு அது பெரிய வசதி. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

அவர் தட்டிய அந்தப் பக்கம்தான் விஷயமே. அதில் கேட்கப்படும் அனுமதிகளில் ஒன்று, எச்சரிக்கை எதுவும் இல்லாமல் போனில் உள்ள எல்லாத் தரவையும் அழிக்கும் உரிமை. அதைத் தட்டிய நிமிடத்திலிருந்து, நான் காசு கொடுத்து வாங்கிய போனை முழுதாகத் துடைக்கும் பொத்தான் ஆபீஸ் சர்வரில் இருந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கட்டளை காத்திருக்கும். போன் அடுத்த முறை மெயில் எடுக்க சர்வரைத் தொடும்போது வேலை முடிந்துவிடும்.

என்னென்ன போனது என்று சொல்கிறேன். கூகுள் கணக்கில் மறுபடி நுழைந்ததும் கொஞ்சம் நம்பர்கள் திரும்பி வந்தன. ஆனால் கொத்தனார், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் கடை, மணல் லாரிக்காரர் என்று கடந்த இரண்டு வருடத்தில் சேமித்த நம்பர் ஒன்றுகூட இல்லை. புது நம்பரைச் சேமிக்கும்போது அது எந்தக் கணக்கில் போகிறது என்று நான் பார்த்ததே இல்லை. எல்லாம் ஆபீஸ் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கின்றன. என் வீட்டு மேஸ்திரியின் நம்பர் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது, என்னிடம் இல்லை!

படங்கள்தான் பெரிய இழப்பு. 2021 ஜூனிலிருந்து கூகுள் போட்டோஸில் புதிதாக ஏற்றும் படங்கள் எல்லாம் இலவச 15 ஜிபி கணக்கில்தான் சேர்கின்றன. என்னுடையது நிறைந்துபோய், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பேக்கப்பை நிறுத்தி வைத்திருந்தேன். வீட்டில் பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் டேப் வைத்து அளந்து படம் எடுத்திருந்தேன். வயர் பைப் எங்கே போகிறது, தண்ணீர் லைன் எங்கே திரும்புகிறது, எல்லாமே அந்தப் படங்களில்தான். இப்போது சுவர் பூசியாகிவிட்டது. போன வாரம் சமையலறையில் தண்ணீர் சுத்திகரிப்பு மிஷின் மாட்ட வந்தவர், "லைன் எங்க போகுதுன்னு தெரியாம டிரில் போட மாட்டேங்க" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். அவர் சொன்னது நியாயம். மிஷின் இன்னும் பெட்டியோடு தரையில் இருக்கிறது.

எச்.ஆரைக் கூப்பிட்டேன். "சேரும்போது பாலிசியில கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்" என்றார்கள். நகல் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நிறுவனத்தின் தரவைப் பாதுகாக்கத் தேவையான நடவடிக்கை எடுக்கப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் சொந்தப் படங்களும் சேர்ந்து போகும் என்று எங்கும் இல்லை. கடைசி நாளில் லேப்டாப் சார்ஜர் வரைக்கும் ஒவ்வொன்றாக டிக் அடித்து வாங்கினார்கள். "நாளைக்கு உங்கள் போனை அழிக்கப்போகிறோம், இன்று இரவு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. கோபம் எனக்கு அதில்தான்.

ஆபீஸ் தன் மெயிலை அழிக்கட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் அதற்காகப் போனையே அழிக்க வேண்டியதில்லை. மெயிலை மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் செயலியில் மட்டும் போட்டிருந்தால், அழிக்கும் கட்டளை அந்தச் செயலிக்குள் இருப்பதோடு நின்றிருக்கும். ஆண்ட்ராய்டில் 5.0 பதிப்பு வந்த 2014இலிருந்தே 'வொர்க் ப்ரொஃபைல்' என்ற தனி அறை இருக்கிறது. ஆபீஸ் செயலிகள் சின்னப் பெட்டிப் படத்தோடு அதற்குள் தனியாக இருக்கும், நிறுவனம் அதை மட்டும் நீக்கலாம். ஐபோனிலும் 2019இல் ஐஓஎஸ் 13 வந்தபோது ஊழியரின் சொந்த போனுக்கென்றே இதுபோல ஒரு பதிவு முறை கொண்டுவந்தார்கள். எங்கள் ஐ.டி. ஆட்கள் இதில் எதையும் செய்யவில்லை.

உங்கள் போன் ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' என்று தேடிப் பாருங்கள். ஆபீஸ் மெயில் போட்ட செயலி அந்தப் பட்டியலில் இருந்தால், அதைத் திறந்து என்னென்ன உரிமை கொடுத்திருக்கிறீர்கள் என்று படியுங்கள். ஐபோனில் அப்படி ஒரு பட்டியலைத் தேடாதீர்கள். எக்சேஞ்ச் கணக்கைப் போனின் மெயில் செயலியிலேயே சேர்த்திருந்தால் அங்கேயும் இதே கட்டளை வேலை செய்யும். அப்புறம் கான்டாக்ட்ஸில் புது நம்பர்கள் எந்தக் கணக்கில் சேர்கின்றன என்று பார்த்து, உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்.

நோட்டீஸ் கொடுத்துவிட்டவர்கள் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். முதலில் படங்களையும் வாட்ஸப்பையும் வெளியே எடுத்து வையுங்கள். வாட்ஸப் தினமும் போனுக்குள்ளேயே எடுக்கும் பேக்கப்பும் போனோடு சேர்ந்து போய்விடும், அதை நம்பாதீர்கள். பிறகு ஐ.டி.யிடம் எழுத்தில் சொல்லிவிட்டு, அவர்கள் கண்முன்னாலேயே ஆபீஸ் கணக்கை நீங்களே போனிலிருந்து நீக்குங்கள். கணக்கு இல்லாத போனுக்கு அந்தக் கட்டளை வந்து சேராது.